நவ்ரூஸ்அலியோட அக்ரூட் மரம்

இது நடந்த கதை. ஒரு சொல்லுகூட பொய் கிடையாது. சரி சரி, முறைக்காதீங்கப்பா, அங்கங்க கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கேன். மாவை இழுக்காம எவன் ரொட்டி சுட்டான்?

நம்ம நவ்ரூஸ்அலி மூஞ்சியில இருக்குற சுருக்கத்துல ஒரு மந்தை ஆட்டை ஒளிச்சு வைக்கலாம். அந்த மூஞ்சிக்காகத்தான் டைரக்டர் தாராபி தெஹ்ரான்லேர்ந்து வந்து இறங்கினாரு. வந்ததுமே நம்ம மாதிரியே 'மஷ்தி'ன்னு மரியாதையாக் கூப்பிட்டாரு.

"நடிக்கவே வேணாம் மஷ்தி. உக்காந்து மலையைப் பாருங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் பாருங்க."

"எப்ப பேசணும்?"

"நீங்க பேச வேணாம். காத்து பேசும்."

"அட, வேலைவெட்டி இல்லாம இதைத்தானே பண்றேன்னு என் பொண்டாட்டி தினம் திட்டுறா!"ன்னாரு நவ்ரூஸ்அலி.

தாராபி எடுக்குற படத்துல ஒரு ஆடு வரும். அது திரையைத் தாண்டிப் போறதுக்குள்ள குட்டி போட்டு, குட்டிக்கும் தாடி முளைச்சிரும்.

ஆனா தாராபி தங்கமான மனுசனாத் தெரிஞ்சாரு. சாயங்காலம் நவ்ரூஸ்அலி வீட்டுல சக்கரைக்கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு டீ குடிப்பாரு. அந்த மயக்கத்துல நவ்ரூஸ்அலியும் மனசைத் திறந்துட்டாரு. வாசல்ல நிக்கிற அக்ரூட் மரம், தம்பி யூனுஸ் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி வச்சது. தம்பி திரும்பலை, உடம்பும் வரலை. வெள்ளிக்கிழமை எல்லாரும் கல்லறைக்குப் போவாங்க, இவரு மரத்தடிக்குப் போவாரு. தாராபி கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

"எவ்வளவு அழகான மரம் மஷ்தி!"

இவரு நெஞ்சுல கை வச்சு, "உங்களுக்குத்தான் ஐயா. எடுத்துக்கங்க"ன்னாரு.

வேற என்ன சொல்றது? நம்ம பக்கத்து மரியாதை அது. சட்டை நல்லாருக்குன்னா சட்டையை எடுத்துக்கங்கம்போம். அதுக்காக எவனாச்சும் நம்மள அம்மணமா விட்டுட்டுப் போறானா?

மறுநாள் இவரை எதிர்ச் சரிவுல, மரத்தைப் பார்க்க உக்கார வச்சாங்க. கேமரா இவரு மூஞ்சிக்கிட்ட. மரத்தடியில, இதோ இங்க டீ குடிச்சுக்கிட்டிருக்கானே நம்ம குர்பான், அவன் ரம்பத்தோட நின்னான். பட்ட கிளையைக் கழிக்கிறான்னு நெனச்சாரு நவ்ரூஸ்அலி. ரம்பம் அடிமரத்துல போச்சு. எந்திரிக்கப் பார்த்தாரு, அந்தச் சரிவுலேர்ந்து எட்டிப் பிடிக்கவா முடியும்? மரம் சாஞ்ச சத்தத்துல ஏழு ஊரு நாயும் குரைச்சுது. இவரு வாய் மட்டும் "யூனுஸ்"னு அசைஞ்சுது.

தாராபி நிறுத்தச் சொல்லவே இல்லை. எடுத்துக்கிட்டே இருந்தாரு.

"ஏன் ஐயா?"ன்னாரு இவரு கடைசியில.

"நீங்கதானே மஷ்தி குடுத்தீங்க?"

பல்லைக் கடிச்சாரு. ஆனா பாழாப்போன வாய்ப்பழக்கம், "உங்களுக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு பொருட்டா"ன்னு வந்துருச்சு. திரும்பிப் பார்க்காம நடந்துட்டாரு.

படத்தைப் பள்ளிக்கூடச் சுவத்துல போட்டாங்க. ஊரே மூச்சுவிடாம அந்த மூஞ்சியைப் பார்த்துச்சு. "என்னமா நடிச்சிருக்காரு!"ன்னான் ஒருத்தன். அன்னிலேர்ந்து நவ்ரூஸ்அலி யாருக்கும் எதையும் 'எடுத்துக்கங்க'ன்னு சொல்றதில்லை. வந்தவங்களுக்கு டீகூட மரியாதை சொல்லாமத்தான் வைக்கிறாரு.

என்ன குர்பான், மூஞ்சியத் திருப்புற?

"என்னை ஏன் இழுக்குற? வாயால குடுத்தேன்னு சொன்னாரா இல்லையா?"

அட, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் ஏன் பாயுறான்?

"டேய் கழுதை, அது மரியாதைக்குச் சொன்னதுடா! நீ இந்த ஊர்க்காரன்தானே, உனக்குத் தெரியாது?"

"டைரக்டர் கேட்டாரு, வெட்டினேன்!"

"அந்தாளுக்கும் தெரியும்டா, தெரிஞ்சேதான் வெட்டச் சொன்னான்!"

"யாரைடா கழுதைங்குற?"

ஏய், ஏய், டீக்கிளாசைக் கீழ வைங்கடா! குர்பான், அவன் சட்டையை விடு!