வெள்ளிக்கிழமைகளில் உரிந்த பொன்பூச்சு

கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால், டைட்டேனியக் கட்டியின் முகத்தில் மின்வில்லின் ஒளிப்பொட்டு முதன்முதலாகத் துள்ளியபோது, நான் “அல்ஹம்துலில்லாஹ்” என்றதும் மிஸ் “ஆண்டவரே” என்றதும் ஒரே நேரத்தில்தான். மிஸ் எங்கள் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர், கல்முனை மெதடிஸ்தக் குடும்பத்துப் பெண். நான் சாய்ந்தமருதுக்காரன். காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் மின்வில் பற்றினால் டைட்டேனியம் ஆவியாகி, அயன்களாகப் பறக்கும். கொஞ்சம் நைதரசன் விட்டால் எதிரே கொழுவியிருக்கும் உருக்குத் துண்டில் பொன்னிறமாகப் படியும். தோணி எஞ்சின் பாகங்கள் தேயாமலிருக்க அப்படியொரு பூச்சுப் போடுவதுதான் என் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி. இப்போது மின்வில்லைக் கணினியே பற்றவைக்கிறது, மிஸ்ஸும் ஓய்வுபெற்றுவிட்டார்.

அப்போதெல்லாம் செவ்வாயில் போட்ட பூச்சு நகத்தால் சுரண்டினாலும் அசையாது. வெள்ளி பின்னேரம் போட்டதோ வெங்காயத் தோல்போல உரிந்து வரும். வெள்ளியில் கரண்ட் ஆடுகிறதென்று நான் திட்டித் தீர்த்தேன். மிஸ் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். இரவல் வாங்கிய மின்வழங்கியைச் சனிக்கிழமை திருப்பி அனுப்பவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. மிஞ்சியது ஒரேயொரு வெள்ளி. அதிலும் உரிந்தால் மூன்று வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

வியாழன் காலை மிஸ் குறிப்புப் புத்தகத்தை என் முன் விரித்து, வெள்ளிக்கிழமைப் பதிவுகளைத் தொட்டுக் காட்டினார்.

“சேர், குறை நினைக்காதீங்க. ஜும்மாவுக்கு அத்தர் பூசின கையோடதான் துண்டுகளைக் கொழுவுறீங்க. அந்த எண்ணெய்தான் உரிக்குது.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஐவேளைத் தொழுகைக்கும் உளூச் செய்து கழுவுகிற கையில் அழுக்கா? கையுறை வழுக்குதென்று கழற்றி எறிந்தவனும் நான்தான். அது அப்போது ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அத்தரைத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி முகர்ந்து பார்த்தேன். வாசம் அப்படியே இருந்தது. வெட்கமாகிவிட்டது. எத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்த மனுஷி, என் மார்க்கத்தில் கைவைத்ததுபோல் ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்!

மறுநாள் அத்தர் பூசாமல் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து, கையுறையோடு வேலை செய்தேன். கலம் ஆறியதும் துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. பிறகு கத்தி முனையால் சுரண்டினேன். அப்போதும் அசையவில்லை. சந்தோசத்தில் திரும்பினால், எந்நாளும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கும் மிஸ்ஸின் தலைமுடி மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது. என்ன மிஸ், தலையை இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க மட்டும் அத்தரை விட்டாக் காணுமா சேர்? நானும் இண்டைக்கு எண்ணெய் வெக்கல்ல.”