ஜூலை மாதத்துத் தீபாவளி

ஜொகூர் மாநிலச் சுற்றுலா அலுவலகத்தில் நான் வேன் ஓட்டுகிறேன். கையேடுகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றி ஹோட்டல்களில் இறக்குவேன். வெளிநாட்டுப் பயண முகவர்கள் வந்தால் படகுத்துறை, அன்னாசித் தோட்டம், பேரங்காடி என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். பேசுவது மலாய்க்கார அதிகாரியம்மாவின் வேலை. முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஜொகூரைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுகூடத் தெரியும். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச வராதவனுக்கு அது நல்ல வேலை.

அந்த ஆண்டு இந்தியப் பயணிகளுக்காக ஒன்றரை நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். அதில் ஒரு தமிழ்க் குடும்பம் தீபாவளி கொண்டாடுவதைக் காட்ட வேண்டும். செப்டம்பரில் கோலாலம்பூரில் பயணக் கண்காட்சி இருந்தது. அதற்குள் படம் தயாராக வேண்டும் என்பதால் ஜூலையிலேயே தீபாவளி. ஸ்கூடாயில் பேசி வைத்திருந்த வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் முடியாது என்றுவிட்டார்கள்.

அதிகாரி என்னை அபாங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வேனில் என்னிடம் மலாயில் கேட்டார். "அபாங், உங்க வீட்டில எடுக்கலாமா? அன்னைக்கு வந்தப்போ பார்த்தேன். வாசல் அகலமா, அழகா இருந்தது."

அன்றைக்கு என்பது என் மனைவியின் உடல் கூடத்தில் கிடந்த நாள். நான்கு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் வந்தார்கள். அதிகாரி எங்கள் ஊர் மாசாயின் அந்த வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நல்ல பெண்மணி. வீட்டில் ஒருவர் இறந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது, கோலம் கிடையாது, பலகாரம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"போலே, புவான்," என்றேன். முடியும், மேடம் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அவர் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் வாய் அதையே சொன்னது.

மகளிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவின் வருஷத்தைக் காத்துவந்தவள் அவள்தான். புதுத்துணி எடுக்கவில்லை. கூடப் படித்த தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவளுக்குக் காலை ஷிப்டு. மூன்று மணிக்குத்தான் முடியும். படப்பிடிப்பு மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அதன்பின் வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வந்தார்கள். கூரை போட்ட வாசலில் வண்ண அரிசியால் மயில் கோலம் போட்டார்கள். மாவிலை கட்டினார்கள். அம்மாவாக நடிக்க வந்த பெண் ஸ்கூடாயில் காப்புறுதி பாலிசி விற்பவர். பட்டுச்சேலையில் வேர்த்து ஊற்றியது.

"அண்ணே, இந்த முறுக்கு கடையில வாங்குனதுன்னு தெரிஞ்சா டூரிஸ்டு வருவானா?" என்றார் என்னிடம்.

கேமராக்காரச் சீனப் பையன் அதில் இரண்டைத் தின்றுவிட்டான். முந்தின காட்சியில் தட்டு நிறைய இருந்தது என்று மறுபடி எடுத்தார்கள்.

"அலமாக்! உன்னால நான் இன்னொரு தடவ சிரிக்கணும்," என்று அந்தப் பெண் அவனைத் திட்டினார்.

கூடத்தில் எடுக்கும்போது சுவரில் இருந்த மாலை போட்ட படம் தெரிகிறது, கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டார்கள். நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். படுக்கையறைக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பெண் படத்தின் கீழே இருந்த தேதியைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே, இது உங்க வீட்டு அக்காவா?"

தலையாட்டினேன்.

"வருஷம் திரும்பலையே அண்ணே. இங்க நான் எப்படி விளக்கேத்துறது? இருங்க, புவான்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"வேணாம்மா," என்றேன். "எல்லாம் வந்துட்டாங்க. விடுங்க."

அவர் போய் விளக்கை ஏற்றினார். வாசல் நெடுக வரிசையாக விளக்குகள். காற்றில் அணைந்ததையெல்லாம் லைட்டர் கொண்டுவந்து நான்தான் திரும்பப் பற்றவைத்தேன். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வேனுக்கு எண்ணெய் ஊற்றும்போது இருப்பதுபோலத்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டதால் மூன்று மணிக்கும் முடியவில்லை. மகளின் மோட்டார் சைக்கிள் கேட்டில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கோலத்தைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள், பட்டுச்சேலைக்காரப் பெண்ணைப் பார்த்தாள். பின்சந்து வழியாகச் சமையலறைக்குப் போனாள். நானும் போனேன்.

"என்னாப்பா இது?"

"ஆபீஸ் வேலைம்மா."

"ஆபீஸ் வேலைன்னா அம்மா செத்தது இல்லன்னு ஆயிடுமா?"

நான் தொட்டியில் கிடந்த டம்ளரைக் கழுவத் தொடங்கினேன்.

"இந்தப் படம் வெளிய வரக்கூடாது," என்றாள். "நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்கதான் ஒத்துக்கிட்டீங்க, நீங்கதான் சொல்லணும்."

அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது, "சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்பாள். நாளைக்கு என்பேன். நானும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'புவான், என் வீட்டுக் காட்சியை நீக்கிவிடுங்கள்.' மலாயில் நாலைந்து சொல்தான். சிவப்பு விளக்கில் வேன் நின்றால் சொல்லிப் பார்ப்பேன். அவர் ஏறியதும் கதவைச் சாத்துவேன், ஏர்கானைக் கூட்டுவேன், வண்டியை எடுப்பேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கிளம்பினோம். செடெனாக் தாண்டியதும் அவராகவே பேசினார்.

"அம்மாவா நடிச்ச பொண்ணு எனக்குப் போன் பண்ணாங்க, அபாங். உங்க வழக்கத்தச் சொன்னாங்க. உங்க வீட்டுக் காட்சிய நீக்கியாச்சு. அந்த இடத்தில கோயில் கோபுரம் வச்சிருக்கோம்." முன்சீட்டில் என் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"தாப்பா, புவான்," என்றேன். பரவாயில்லை என்று நான் சொன்னேன்; அதை அவர் அல்லவா என்னிடம் சொல்ல வேண்டும். அதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்காட்சியில் படம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. கடல், அன்னாசி, கோபுரம், மறுபடியும் கடல். நான் பின்னால் உட்கார்ந்து துணிப்பைகளில் கையேடுகளைப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் சமையலறையில் இருந்தாள்.

"படத்துல நம்ம வீடு இல்ல. எடுத்துட்டாங்க," என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னீங்களா?"

"ம். சொன்னேன்."

இரண்டு தட்டு எடுத்து மேசையில் வைத்தாள். எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள்.

"புவான் கோச்சுக்கிட்டாங்களாப்பா?"

"இல்லம்மா. சரின்னு சொல்லிட்டாங்க."

"பாத்தீங்களா? வாயத் தொறந்து கேட்டா நடக்குது. நீங்கதான் கேக்க மாட்டேங்கிறீங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.