தீப்பெட்டியில் ஒரு பொருக்கு

எட்டு வயதில் எனக்கென்று இருந்த சொத்து, இரண்டு முழங்காலிலும் இரண்டு பொருக்குகள். பிள்ளையார்பாளையத்தில் நான் விழாத தெரு இல்லை. கூடவே வளர்ந்த சித்தி மகனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. லேசாக இடித்தாலே வீங்கிப்போகிறது என்று அவனை ஓட விடமாட்டார்கள். நானோ அவனைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். மத்தியான வேளைகளில் அவன் என் காலருகே உட்கார்ந்து, குளத்து மீனைப் பார்ப்பவன்போல் அந்தப் பொருக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் அவனுக்குப் பால்பல் விழுந்தது. ரத்தம் நிற்பதுபோல் நின்று மறுபடி கசிந்தது. மூன்றாம் நாள் சாயமேற்றாத பட்டுபோல் வெளுத்துக் கிடந்தான். வீட்டில் தறி ஓடவில்லை. அந்த அமைதியில் எல்லோரும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தார்கள்.

வந்து பார்த்த கம்பவுண்டர், அம்மாவும் சித்தியும் கதவோரம் நின்று கேட்க, அப்பாவிடம் சொன்னார்:

"காயம் பட்டா ரத்தத்துல இருக்கிற துணுக்குங்க ஓடியாந்து அடைச்சிக்கும்பா. அதும்மேல இழை இழையா வலை பின்னிக்கினு கெட்டியாவும். இவனுக்கு அடைக்குது, இழைதான் ஓடல. அம்மா வழியா ஆம்பளப் பசங்களுக்கு வர்ற கோளாறு. ஒடனே மெட்ராஸுக்குத் தூக்கிக்கினு போங்க."

இழைதானே? எங்கள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் பழைய நுனிகளை விட்டுவைப்பார்கள். சாம்பல் தொட்டு, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆக, அவனுக்கு வேண்டியது ஒரு நுனி. அன்றைக்கு இருந்த தெளிவு அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

பெரிய பொருக்காகப் பார்த்துப் பிய்த்தேன். தீப்பெட்டியில் போட்டு, ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலும் சேர்த்து, குதிரை வண்டியில் படுத்திருந்தவன் கையில் திணித்தேன்.

"இன்னாடா இது?"

"நுனிடா. பல்லு இருந்த எடத்துல வெச்சி முறுக்கிக்கோ."

சிரித்தான். உதட்டோரம் சிவந்தது. சித்தி பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடிக்குக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ பெட்டியை மூடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றி நிறுத்தினார்களாம். முகம் தெரியாதவரின் இழை பிணைந்துவிட்டது, என்னுடையது பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ஆனால் இப்போதும் கண்ணில் நிற்பது, அன்று வண்டி தெரு திரும்பிய பிறகு நடந்தது. என் முழங்காலில் பிய்த்த இடம் கசிந்துகொண்டிருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து, துடைக்காமல், திட்டாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கசிவு மெல்லக் கெட்டியாகி நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் தங்கை போன திக்கைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

ரத்தம்தான் நின்றுவிட்டதே, இனி எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.