கீழ்க்கடையில் சொட்டிய தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வேலை கிடைக்கிற ஊரில் தங்குவேன். போன மழைக்காலத்தில் அந்தமானில், போர்ட் பிளேயரின் மின்னி பே பகுதியில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே தனியாக இருந்தேன். பழைய இரும்புக் கழிவுநீர்க் குழாய் உள்ளே துருவேறிக் குறுகிப்போயிருந்ததால், பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்.

ஒரு மதியம் அதில் ஆசிட் ஊற்றினேன். அடைப்பு அசையவில்லை. பொறுமையில்லாமல் பிளீச்சிங் பவுடரையும் கொட்டினேன். சாரலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன். இரண்டும் கலந்து கிளம்பிய விஷப்புகையில் மூச்சு அடைத்தது. கதவை நோக்கி நடந்தவன் பாதியிலேயே விழுந்தேன். கூப்பிடலாம் என்றால் அந்தக் கட்டடத்தில் யார் பெயரும் எனக்குத் தெரியாது.

துருப்பிடித்த குழாயில் ஆசிட் ஓட்டை போட்டிருக்கிறது. தொட்டித் தண்ணீர் கீழே கடையில் சொட்டியதும் கடைக்கார பாய் திட்டிக்கொண்டே ஏறி வந்தார்.

“அரே, உள்ள யாருப்பா? அரிசி மூட்டை மேல ஊத்துது, தண்ணிய பந்த் பண்ணு!”

பதில் வராததால் கதவை உதைத்துத் திறந்து, என்னை வெளியே இழுத்துப் போட்டார். ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டார்: “அரிசி போனா போவுது. ஆஸ்பத்திரில கேப்பாங்க, உம் பேரு என்ன?”

பல மாதங்களாக அவர் தலைக்கு மேல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இப்போது அந்தமானிலேயே வடக்கே மாயாபந்தரில் இருக்கிறேன். பிளாஸ்டிக் குழாய் போட்ட அறையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆசிட்டை வாங்குவதே இல்லை. குடிவந்த அன்றே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, என் பெயரைச் சொன்னேன். எதற்கு என்று புரியாமல் பார்த்தார்கள். பரவாயில்லை, இன்னொரு முறையும் சொல்லிவிட்டு வந்தேன்.