கடைசிக் காம்பராவின் நீலத் திரை

இந்த விடயம் தொடங்குவதற்கு முன்னர் இத்தேயிலைத் தோட்டத்தில் எனக்கிருந்த இடம் எத்தகையது என்பதைச் சொல்லிவிடுவது முறையாகும். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, ராகலைப் பக்கத்துப் பாடசாலைகளில் கற்பித்து, அதிபராக ஓய்வு பெற்றவன் நான். கோயில் பரிபாலன சபையின் தலைமை என்னிடம் இருந்தது. அதை நான் கேட்டுப் பெறவில்லை. வெளிக்கள வேலைகளை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கி நின்று பேசுவார். சபையில் நான் ஒன்றைச் சொன்ன பிறகு அதற்கு மேல் வாக்கெடுப்பு நடந்ததாக ஞாபகம் இல்லை. பிற்பாடு எவ்வளவு குறைந்தது என்பதை அளப்பதற்கு முதலில் இருந்த அளவு தெரிய வேண்டும். அதற்காகவே இவற்றைக் குறித்து வைக்கிறேன்.

சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளான காம்பராக்களைக் கொண்ட கீழ் லயத்தின் பின்னால் உயரமான மண்மேடு ஒன்று உண்டு. கடைசிக் காம்பராவின் அடுப்படிச் சுவருக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். சில மழைக்காலங்களுக்கு முன்னர் மேட்டின் உச்சியில் வெடிப்பு விழுந்தது. உத்தியோகத்தர்கள் வந்தார்கள், குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், சிங்களத்தில் தமக்குள் பேசிக்கொண்டார்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டவுடன் லயத்தாட்கள் பாடசாலைக்கு ஏறிவிட வேண்டும் என்று சொன்னார்கள். எச்சரிக்கை எங்கள் காதுக்கு எப்படி வந்து சேரும் என்று நான் அவர்களுடைய மொழியிலேயே கேட்டேன். டீவியில் போடுவார்கள் என்று பதில் வந்தது.

கீழ் லயம் பள்ளத்துக்குள் கிடப்பது. அங்கே கைத்தொலைபேசியில் பேச வேண்டுமானால் றோட்டின் மேல் வளைவு வரை ஏற வேண்டும். டீவி என்றால் எல்லா வீட்டிலும் டிஷ். மழை இறுகியதும் முதலில் செத்துப் போவது அந்த டிஷ்தான். எந்த நேரத்துக்காக எச்சரிக்கை வேண்டுமோ அந்த நேரத்தில் படம் இருக்காது.

கடைசிக் காம்பராவில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருவரும், அவருடைய கணவரும், எழுந்து நடக்கமாட்டாத மாமியாரும் குடியிருந்தார்கள். மழை வலுக்கும்போது மாமியாரைக் கம்பளியில் கிடத்தி, இருவர் தூக்கிக்கொண்டு, வழுக்குப் படிகளில் பாடசாலைவரை ஏற வேண்டும். ஒரு முறை அப்படித் தூக்கிப் போனார்கள். மண் சரியவில்லை, ஆனால் நனைந்ததில் அந்த மூதாட்டிக்குச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். அந்தப் பெண் கோயில் வாசலில் என்னிடம் சொன்னது இதுதான்:

"சும்மா சும்மா தூக்கிக்கிட்டு ஓடவும் முடியலிங்க சேர். பேசாம படுத்திருக்கவும் முடியல. எப்பன்னு தெரிஞ்சாப் போதும்."

எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. மலைமுகட்டுக் கோபுரத்திலிருந்து டிஜிட்டல் முறையில் சோதனை ஒளிபரப்புத் தொடங்கியிருக்கிறது என்று அக்காலத்தில் பத்திரிகையில் படித்தேன். டவுனுக்குப் போய் விசாரித்தேன். பழைய மாதிரி அன்டனாவும் டீவியோடு இணைக்கும் சிறிய பெட்டியொன்றும் இருந்தால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. கோபுரம் அண்மையில் இருப்பதால் மழை அதைப் பெரிதாகப் பாதிக்காது. கோயில் திருவிழாவில் மிஞ்சியதைக் கொண்டு ஒரு பெட்டி வாங்கிக் கடைசிக் காம்பராவில் வைக்கலாம் என்று சபையில் முன்மொழிந்தேன். அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும். மண்மேட்டுக்கும் அதுவே கிட்ட.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மட்டும் சிரித்தார். லயங்களில் டிஷ் பூட்டிக் கொடுப்பவரும் அவர்தான்.

"சேர் சொன்னா சரிதாங்க. ஆனா அன்டனாவ எல்லாம் எங்கப்பா காலத்துலயே வித்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னாச்சே."

சபை சிரித்தது. ஆயினும் என் வார்த்தை நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பூட்டினோம். அன்டனா திருப்புவதில் லயத்து மக்களுக்குப் பரம்பரைப் பழக்கம் உண்டு. ஒருவர் தகரத்தின் மேல், ஒருவர் வாசலில், ஒருவர் டீவிக்கு முன்னால். உள்ளிருந்து வரும் சொல் வாசலைத் தாண்டிக் கூரைக்குப் போகும். கறுப்பு வெள்ளை நாள்களிலிருந்து அப்படித்தான். அன்று அந்தப் பெண் டீவிக்கு முன்னாலும், அவருடைய கணவர் கூரையிலும், நான் குடையுடன் வாசலிலும் நின்றோம்.

"வந்துருச்சா?"

"வரல."

"இப்ப?"

"வரலன்னா வரல. நீல கலர்ல இருக்கு."

"கொஞ்சம் கோயில் பக்கம் திருப்பு," என்றேன். அவர் திருப்பினார். பழைய ஒளிபரப்பில் திசை நெருங்க நெருங்கப் புள்ளிகள் குறையும், குரல் கேட்கும், பிறகு ஆள் முகம் தெரியும். கிட்டவா தூரமா என்று அதுவே சொல்லிவிடும். இந்தப் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. சுவருக்கு அடித்த சாயம் போல ஒரே நீலம். அலைவரிசை தேடுகிறது என்பதற்கு அடையாளமாக அடியில் ஒரு வெள்ளைக் கோடு நத்தை போல ஊர்ந்தது. அது ஊர்ந்து முடிய முன்னர் நாங்கள் அன்டனாவை நாலு திசையும் காட்டிவிட்டோம். கோடு முடிந்தது, ஒன்றும் அகப்படவில்லை என்றது. மறுபடியும் பொத்தானை அழுத்தினோம், மறுபடியும் திருப்பினோம். மதியம் வரை அந்த மனிதர் கூரையில் காய்ந்தார். பிறகு மழை வந்தது, நனைந்தார்.

லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. தலைவரும் வந்தார்.

"சேரு வாங்குன டீவியில ஒரே படந்தான் ஓடுது," என்றார். "நீல வானம். பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல."

கூரையில் இருந்தவரே சிரித்துவிட்டார். நான் குடையை மடக்கிக்கொண்டு மேலேறி வீட்டுக்கு வந்தேன். அந்தப் படிகள் அன்றைக்குப் போல என்றும் நீண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கோயில் கூட்டத்தில் நான் பேசும்போது பின்வரிசையில் பேச்சுக் குறையவில்லை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிப்பதைப் பற்றித் தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டுவிட்டு, பிறகு எனக்கு அறிவித்தார்கள். கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், இறங்கவில்லை. மனிதனுக்குக் களைப்பு வேலையால் மட்டும் வருவதில்லை என்பதை ஓய்வுபெற்ற பின்னரே அறிந்தேன். காலையில் எழும்போதே கால்கள் கனத்தன.

மழைக்காலம் நெருங்கியபோது அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், கோவிச்சிக்காதீங்க. பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க. மாமிக்கு மருந்து வைக்கக்கூட மேசையில எடம் இல்ல."

"வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்ப்போம்," என்றேன்.

"நீங்க பாக்கலாங்க. மழ பாத்துக்கிட்டு இருக்குமா?"

அவர் கேட்டது பெட்டியைப் பற்றியல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கைக்காசுக் கொழுந்து. அதாவது விடுமுறை நாளில் விருப்பமானவர்கள் கொழுந்தெடுத்து, எடைபோட்டு, அன்றே காசு வாங்குவது. கணவனும் மனைவியும் காலையில் எடுத்துவிட்டு, நிறுவைக்குக் கூப்பிடும்வரை எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கணவர் கூரையேறினார். ஒளிபரப்புக் கோபுரம் முகிலுக்குள் இருந்தது. அது எந்தப் பக்கம் என்று கணித்துச் சொன்னேன். அன்டனாவை அங்கே திருப்பினார். அந்தப் பெண் ரிமோட்டை அழுத்தினார். வெள்ளைக் கோடு நகரத் தொடங்கிய அந்த வேளையில் மேல் றோட்டில் கங்காணி நிறுவைக்குக் கூவினார். பிந்தினால் கொழுந்து வாடும், நிறை குறையும். கணவர் அன்டனாவை அப்படியே கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்.

"மாமியப் பாத்துக்குங்க சேர், இந்தா வந்துர்றோம்," என்று இருவரும் ஓடினார்கள்.

நான் கதிரையில் இருந்தேன். மேலேறி வீட்டுக்குப் போகவும் தெம்பில்லை. மூதாட்டி கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். கோடு ஊர்ந்தது. திருப்பச் சொல்வதற்குக் கூரையில் ஆள் இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கோடு நடுவைத் தாண்டியதும் ஓர் அலைவரிசையின் பெயர் தோன்றியது; அதன் கீழே இன்னொன்று. கோடு முடிந்தது. நீலம் மறைந்து, ஒரு பெண்மணி சமையல் செய்துகொண்டிருந்தார். கத்தரிக்காயின் காம்பு கூடத் தெளிவாகத் தெரிந்தது.

மூதாட்டி திரும்பிப் பார்த்தார்.

"யாரோ வந்திருக்காங்க. உக்காரச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோடு ஊர்ந்து முடியும்வரை அன்டனா அசையாமல் நிற்க வேண்டும். தேடும் பெட்டிக்கு நாங்கள் ஒரு திசையையும் முழுதாகக் கொடுக்கவே இல்லை. எங்கள் கூச்சல் பெட்டியை விட வேகமாக இருந்தது. பழைய டீவிக்கு அந்த வேகம் சரி; இதற்குச் சரியில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது கூரைப்பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று கட்டளையிட்டேன். அன்டனா நின்றது நான் சொன்ன திசையில்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

லயத்தில் வேறு கதை கட்டினார்கள். சேர் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார், அவர் வாய் மூடியிருந்ததால்தான் படம் வந்தது என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசிக்கொண்டார்களாம். நான் விழித்திருந்தேன். மூதாட்டி சாட்சி, ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

மழை அதற்குப் பிறகு இறுகியது. ஒரு பிற்பகல், கொழுந்து மலையிலிருந்து ஆட்களை வழமையை விட நேரத்தோடு இறக்கிவிட்டார்கள். டிஷ்கள் எல்லாம் வழக்கம்போல் போய்விட்டன. மின்சாரம் மட்டும் எப்படியோ போகாமல் இருந்தது. நான் கடைசிக் காம்பராவில் இருந்தேன். சில நாள்களாகப் பிற்பகலில் அங்கே போய் இருப்பது வழக்கமாகிவிட்டது. திரையின் அடியில் ஓடிய வரியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் தமிழில் வந்தது. எங்கள் பிரதேசத்தின் பெயரும் வந்தது. அபாயமுள்ள இடங்களிலிருந்து வெளியேறுங்கள் என்றது. அந்தப் பெண் ஒரு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பத்தானுங்களா சேர்?"

"இப்பத்தான்," என்றேன்.

அவர் கம்பளியை விரித்தார். தலைப்பக்கம் கணவர், கால்பக்கம் அவர். போகும்போதே ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார். சிலர் உடனே வந்தார்கள். சிலர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். நான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றேன். எனக்காக யாரும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய தேவையும் இல்லை. பாடசாலையில் மூதாட்டியைக் கிடத்தியபோது கம்பளியின் ஓரந்தான் நனைந்திருந்தது.

மறுநாள் மேடு சரிந்தது. கடைசிக் காம்பராவும் அடுத்த காம்பராவின் அடுப்படியும் மண்ணுக்குள் போயின. டீவியும் பெட்டியும் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்தக் குடும்பம் இன்றும் பாடசாலைப் பக்கத்துத் தற்காலிகக் கொட்டகையில் இருக்கிறது. வீடு தருவதாகச் சொல்கிறார்கள். நானும் மனு எழுதிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்கிக் களைத்துவிட்டேன். அந்தப் பெண் இப்போது என்னை உட்காரச் சொல்வதில்லை. உட்கார அங்கே இடம் இல்லை.

டவுனில் நடந்த கூட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவர், தாம் நேரில் ஓடிச் சென்று கீழ் லயத்தை எழுப்பி ஆட்களைக் காப்பாற்றியதாகப் பேசியிருக்கிறார். கைதட்டல் கிடைத்ததாகவும் அறிகிறேன். அவர் மழையில் கீழ் லயத்துக்கு வந்தது உண்மை. அவர் வந்தபோது கடைசிக் காம்பரா பூட்டியிருந்தது.