பங்கோர் தீவில் நான் புரட்டிய மீன்

காலை ஆறரைக்கு ஈப்போவில் மோட்டார் பஸ் ஏறினோம். லூமுட்டுக்கு ஐம்பது மைல் சொச்சம். கட்டணம் ஒரு வெள்ளி. என்னை அழைத்துப் போனவர் கருவாட்டுக் கடை காதர் அண்ணன். பங்கோரில் ஒரு சீனத் தவுக்கே இருக்கிறார்; படகுகளுக்கு முதலாளி. இந்தப் பருவத்து நெத்திலி முழுவதையும் அவரிடம் பேசி முடிக்க வேண்டும். போன பருவம் பினாங்குக்காரன் ஒருவன் தட்டிக்கொண்டு போய்விட்டான். இம்முறையும் கை நழுவினால் அண்ணன் கடையை மூட வேண்டியதுதான். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஊர் பார்க்கலாம், மீன் தின்னலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணிக்கு லூமுட்டில் படகேறி, நண்பகலில் தீவில் இறங்கினோம். கரையோரம் டச்சுக்காரன் கட்டிய செங்கல் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஈயத்துக்கு ஆசைப்பட்டு வந்தவனை மலாய்க்காரர்கள் அடித்து விரட்டினார்களாம். பிற்பாடு வெள்ளைக்காரன் வந்து, பேராக் சுல்தானிடமிருந்து இந்தக் கரையைப் பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். அடேயப்பா, எத்தனை சண்டை! இன்றைக்கு அந்தச் சுவரில் வலை காய்கிறது. பக்கத்தில் பாய் பாயாக அவித்த நெத்திலி.

தவுக்கே எங்களை வீட்டில் உட்கார வைத்தார். எனக்கு முழு மீன் அவித்து வந்தது. சீன வீட்டில் காதர் அண்ணன் கை நனைக்கமாட்டார், இளநீரோடு சரி. ஒரு பக்கத்தை வழித்துத் தின்றுவிட்டு, மீனைப் புரட்டிப் போட்டேன்.

தவுக்கேயின் மனைவி "ஐயோ" என்பதுபோல் ஏதோ கத்தினார். தவுக்கே முகம் கறுத்தது. "மீனைப் புரட்டினால் படகு கவிழும். என் மகன் இன்னும் கரைக்கு வரவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்னா தம்பி இப்படிப் பண்ணிட்டே!" என்றார் அண்ணன்.

"நீங்க சொல்லலியே அண்ணே?"

"பத்து வருசமா வாரேன்லா. ஒரு நாளாச்சும் இங்க மீன் தின்னிருந்தாத்தானே எனக்குத் தெரியும்!"

கரையில் எல்லாரும் கடலைப் பார்த்தபடி நின்றோம். வியாபாரம் போகட்டும், அந்தப் பையன் வந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். மூன்று மணிக்குப் படகு தெரிந்தது. வலை கொள்ளாத நெத்திலியாம், அதனால்தான் தாமதமாம். மகனைத் திட்டித் தீர்த்த தவுக்கே, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"காதர், நெத்திலி எல்லாம் உனக்குத்தான். அடுத்த முறை இந்த ஆளைக் கூட்டி வராதே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் ஈப்போவை அடுத்த சிலிபினில் என் வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி முழு மீன் பொரித்து வைத்தாள். ஒரு பக்கம் தின்று, நடுமுள்ளை மெல்லத் தூக்கி எடுத்தேன்.

"என்னாங்க கூத்து இது? பேசாம புரட்டிப் போட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

"வேணாம்மா. இந்நேரம் அந்தப் பையன் கடல்ல இருப்பான்லா" என்றேன்.