எடைக்கு முன் ஒரு கதை

கல்லூரி வளாகத்துப் புத்தகக் கடையில் மழைக்காகக் கட்டிய தார்ப்பாய் வெயிலில் சூடேறி மணந்தபோதே, வாராவாரம் எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு எழுதித் தரவேண்டிய குறிப்பு எனக்குள் தொடங்கிவிட்டது.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையம் என் பள்ளி நாட்களில் வெறும் திடல். இன்று அதன்மேல் சாலை ஓடுகிறது. எங்கள் நெல்லை எடை போட முறை வரும்வரை அங்கே நாள்கணக்கில் காத்திருப்போம். காயும் நெல்லும் சாக்குத் தூசியும் தார்ப்பாயும் கலந்து மணக்க, நனைந்தால் நெல்லை எடுக்கமாட்டார்களே என்று அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் குவியலில் சாய்ந்து பள்ளி நூலகக் கதைப்புத்தகம் படிப்பேன்.

"சத்தமாப் படி பாப்பா, எனக்கும் பொழுது போவும்" என்பார் பக்கத்துக் குவியலின் செல்வி அக்கா.

ஒருநாள் மேகம் கறுத்துவரும் நேரத்தில் அவர் முறை வந்தது. அவரோ பின்னால் நின்றவரிடம், "நீங்க முதல்ல போட்டுக்குங்க, இந்தக் கதை முடியட்டும்" என்றார்.

அன்று படித்த வேகத்தில் நான் பிறகு எதையும் படித்ததில்லை. தூறலுக்கு முன் கதை முடிந்தது, அவர் நெல்லும் தராசேறியது.

இந்த வாரக் கேள்வி, யாருக்காக எழுத ஆசை என்பது. செல்வி அக்காவுக்கு என்று எழுதினேன். நெல் நனைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.